மாமாவின் இடது கால்

என் அக்கா வீட்டுக்காரருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். மனிதனின் இடது கால்.

யார் என்ன தப்பு செய்துவிட்டு வந்தாலும் அவர் மன்னித்துவிடுவார். கிளட்ச் பெடல் மேல் காலை வைத்தபடியே கார் ஓட்டுகிறவனை மட்டும் மன்னிக்க மாட்டார். "அவனெல்லாம் மனுஷனே இல்ல மாப்ள" என்பார். இதில் சிக்கல் என்னவென்றால், அவர் அப்படிச் சொல்லும்போது பெரும்பாலும் அந்த ஆளே எதிரில் நின்றுகொண்டிருப்பார், கையில் கார் சாவியோடு, வாடிக்கையாளராக.

ஊரில் அவருக்குப் பெயர் கிளட்ச்காரர். முதுகுக்குப் பின்னால் இடதுகால். எனக்கு மாமா. அவருடைய பட்டறையில் முன்பக்க மேசை என்னுடையது. போன் எடுப்பது, உதிரி பாகங்களுக்கு ஆர்டர் போடுவது, மாமா திட்டி அனுப்புகிறவர்களைத் தெருமுனை வரை துரத்திப் போய் சமாதானம் செய்து அழைத்து வருவது, இவையெல்லாம் என் வேலை. மூன்றாவதுதான் அதிகம். இதனாலேயே எனக்கு வயிறு போடவில்லை.

கிளட்ச் என்பது என்னவென்று தெரியாதவர்களுக்கு மாமா வைத்திருக்கும் விளக்கத்தையே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஒரு பக்கம் சுற்றுகிறது, சக்கரம் ஒரு பக்கம் சுற்றுகிறது. நடுவில் வட்டமான ஒரு பிளேட் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பெடலை மிதித்தால் பிடி விடும், கியர் மாற்றலாம். காலை எடுத்தால் பிடித்துக்கொள்ளும். சும்மா காலை மேலே வைத்துக்கொண்டே ஓட்டினால் பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டே இருக்கும். செருப்பைத் தரையில் இழுத்து இழுத்து நடப்பவனுக்குச் செருப்பு எத்தனை நாள் வரும்? அத்தனை நாள்தான் அந்த பிளேட்டும் வரும்.

பட்டறையின் பின்சுவரில் அப்படித் தேய்ந்து செத்துப்போன பிளேட்டுகள் வரிசையாக ஆணியில் தொங்கும். மொத்தம் நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றின் கீழும் சாவுக்கான காரணத்தை மாமா வெள்ளை பெயின்ட்டில் எழுதி வைத்திருப்பார். 'மேட்டில் ஹேண்ட் பிரேக் போடத் தெரியாதவர்.' 'சிக்னலில் கிளம்பும்போது விமானம் என்று நினைத்துக்கொண்டவர்.' 'இதே காரில் படகு இழுத்தவர்.' 'பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு வேகம் காட்டியவர்.' ஆள் பெயர் எழுத மாட்டார். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதாம்.

சுவரின் நடுவில், நல்ல வெளிச்சம் விழுகிற இடத்தில், ஒரு பிளேட்டும், பெடலை மிதிக்கும்போது பிளேட்டின் பிடியை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் ஒன்று அதோடு கம்பியால் கட்டப்பட்டும் தொங்கும். அதன் கீழே எழுதியிருப்பது: 'என் மனைவி.'

அந்தக் கதை பன்னிரண்டு வருடம் பழையது. அக்கா அப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருந்தாள். வீட்டுக்கு ஒரு சின்ன கார் வாங்கினார்கள். இருவரும் மாறி மாறி ஓட்டினார்கள். இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டரில் கிளட்ச் எரிந்துபோனது. மாமா அதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளேட் ஒரே சீராகத் தேய்ந்திருந்தது, பேரிங் கரகரவென்றது. யாரோ பெடல் மேல் காலை வைத்தே ஓட்டியிருக்கிறார்கள். ஓட்டியது இரண்டு பேர். அதில் ஒருவர் தொழில் தெரிந்தவர். மிச்சம் யார்? தீர்ப்பு சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"நான் கால வைக்கலங்க" என்றாள் அக்கா.

"வைக்கிறவங்களுக்கு வைக்கிறது தெரியாதும்மா" என்றார் மாமா.

இந்த வாதத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அக்கா சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "சரி, நீங்களே ஓட்டுங்க" என்றாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். மாமாவுக்கு அது தண்டனையாகவே தெரியவில்லை. ஏதோ இளவரசியைக் கூட்டிக்கொண்டு போவதாக நினைப்பு.

இந்த இடத்தில் என் பங்கையும் ஒப்புக்கொள்கிறேன். அக்கா ஓட்டுவதை விட்ட பிறகும் அந்தக் காருக்கு மூன்று கிளட்ச் மாற்றியாகிவிட்டது. மூன்றுக்கும் ஆர்டர் போட்டவன் நான். ஒவ்வொரு முறையும் மாமா, "இப்ப வர்ற சாமானெல்லாம் குப்பைடா" என்று கம்பெனிக்காரர்களை வெளுத்துக்கட்டுவார். நானும் தலையாட்டிக்கொண்டே போனைச் சுழற்றுவேன். கடைசி முறை கோபம் தலைக்கேறி, பந்தயக் கார்களுக்குப் போடுகிற, கிளட்ச்சை இரும்புப் பிடியாக அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டை வரவழைத்து அந்தச் சின்ன காரில் மாட்டினார். அதன் பெடலை மிதிப்பது மாடிப்படி ஏறுவது மாதிரி. மூன்று கிளட்ச் யார் காலில் போனது என்று எனக்கு ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. மூளை என்று ஒன்றை எதற்கு வைத்திருக்கிறேனோ.

விஷயத்துக்கு வருகிறேன். அக்கா வேலை செய்வது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். குழாய்த் தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. ஒரு திங்கட்கிழமை அவளுக்குக் கடிதம் வந்தது. ஊருக்கு வெளியே நீர்த்தேக்கத்தின் அருகில் புதுப் பரிசோதனைக் கூடம் திறக்கிறார்கள், அதற்கு அவள்தான் பொறுப்பாளர். பதினேழு வருடம் அடுத்தவர் கையெழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டவளுக்கு, முதல் கையெழுத்து போடுகிற நாற்காலி. சம்மதத்தை வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் சொல்ல வேண்டும்.

நீர்த்தேக்கம் இருபத்திரண்டு கிலோமீட்டர். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ், இரண்டும் வேலை நேரத்துக்கு ஒத்துவராது. காரில்தான் போக வேண்டும்.

அன்று சாப்பாட்டு மேசையில் நானும் இருந்தேன். அக்கா கடிதத்தை மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாமா படித்துவிட்டு உண்மையாகவே சந்தோஷப்பட்டார். எழுந்து நின்று கை குலுக்கினார். மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம்.

"கார் எனக்கு வேணும்" என்றாள் அக்கா. "தினம்."

மாமாவின் முகம் எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் முகம் மாதிரி ஆனது. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்தக் கால்ல ஆறு மாசம் தாங்காது. நடுரோட்டுல நிப்ப. நானே கொண்டுவந்து விடறேன்."

"நீங்க எட்டு மணிக்குப் பட்டறை திறக்கணும். நான் எட்டு மணிக்கு அங்க இருக்கணும்."

"ஏதாவது பண்ணலாம்."

"என்ன பண்ணலாம்?"

மாமா தண்ணீர் குடித்தார். அக்கா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஏதாவது பண்ணலாம் என்றால் எதுவும் பண்ணப்போவதில்லை என்று அர்த்தம், அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை, இழுவை வண்டியில் ஒரு கார் வந்து இறங்கியது. கரும்பச்சை நிறம், தரையோடு தரையாக உயரம், பின்பக்கம் நான்கு புகைக் குழாய்கள். கூடவே பல் டாக்டர் இறங்கினார். ஊரில் பாதிப் பேர் வாயைப் பார்த்தவர். என் கடைவாய்ப் பல் இரண்டுக்கும் மாமாவின் மூன்றுக்கும் அவர்தான் பொறுப்பு.

"பதினாலு மாசத்துல மூணாவது கிளட்ச் அண்ணே" என்றார் டாக்டர். "வேற இடத்துல மாத்திப் பாத்துட்டேன். இன்ஜினை வேற கொஞ்சம் ஏத்தி விட்டிருக்காங்க, சக்தி கூடிப்போச்சு. சாதா கிளட்ச் தாங்காதாம். எனக்கு இருக்கிறதுலேயே பெரிசா ஒண்ணு போடுங்க." இன்டர்நெட்டிலிருந்து அச்செடுத்த ஒரு கட்டுத் தாளை நீட்டினார். இரட்டை பிளேட், பீங்கான் கலந்த பிடி, பாதி எடை ஃப்ளைவீல். கல்யாணத்துக்கு நகை பார்ப்பது போல ஒவ்வொன்றிலும் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.

மாமா தாளைத் தொடவில்லை. கியர் பாக்ஸை இறக்கி பிளேட்டை வெளியே எடுத்து டாக்டர் மூக்குக்கு நேராகப் பிடித்தார். "சக்தி தாங்காம எரிஞ்சா நீலநீலமா திட்டு விழும் டாக்டர். இது பாருங்க, சீரா தேஞ்சிருக்கு. பேரிங்கும் போச்சு. இது இன்ஜின் பண்ணின வேலை இல்ல. இடது கால் பண்ணின வேலை. இதுக்கு மேல பெரிய கிளட்ச் போட்டா, பெரிய கிளட்ச்சை எரிப்பீங்க. அதோட, பீங்கான் பிளேட் டிராபிக்ல கிளம்பும்போது உதறும். வர்ற பேஷன்டுக்கு உங்க கை நடுங்கினா நல்லாவா இருக்கும்?"

டாக்டர் வாய் திறந்து மூடினார். வழக்கமாக அது மற்றவர்கள் அவருக்குச் செய்வது.

"வேணும்னா மணி கட்டிப் பாத்துடலாம்" என்றார் மாமா.

மணி என்பது மாமாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய பூனைக் கழுத்து மணி. அதை கிளட்ச் பெடல் தண்டில் கட்டுவார். ரோட்டுக் குலுங்கலுக்கு அடிக்கக் கூடாது என்று உள்ளே கொஞ்சம் பஞ்சு அடைத்திருப்பார். கால் பட்டுப் பெடல் நகர்ந்தால்தான் டிங் என்று ஒலிக்கும். கியர் மாற்றும்போது ஒலிக்கலாம், அது வேலை. மற்ற நேரத்தில் ஒலித்தால் குற்றம். பின்சீட்டில் நான் நோட்டோடு உட்கார்ந்து எண்ண வேண்டும். பட்டறையிலிருந்து விளையாட்டரங்கைச் சுற்றி, மேம்பாலம் ஏறி இறங்கித் திரும்பினால் ஆறு கிலோமீட்டர். இந்த மணியில் தேறாமல் பெரிய கிளட்ச் யாருக்கும் போட மாட்டார். இப்படி நாங்கள் இழந்த வாடிக்கையாளர்களைக் கொண்டு இன்னொரு பட்டறை நடத்தலாம். நடத்துகிறார்கள், அடுத்த தெருவில்.

புதன்கிழமை ஒரு சாதாரண கிளட்ச்சை மாட்டி, மணியைக் கட்டி, டாக்டரை ஓட்டச் சொன்னோம். விளையாட்டரங்கு வருவதற்குள் அந்தக் கார் ஐஸ்கிரீம் வண்டி மாதிரி ஒலித்துக்கொண்டு போனது. மேம்பாலத்தில் இரண்டு குழந்தைகள் எங்களுக்குக் கையாட்டின. நூற்றுப்பன்னிரண்டு குற்றம் வரை எழுதினேன், பிறகு பேனாவை மூடிவிட்டேன்.

"ரோடு மோசம்" என்றார் டாக்டர்.

"போன மாசம் உங்க நாற்காலியில வாயைத் திறந்துக்கிட்டுப் படுத்திருந்தேன்ல" என்றார் மாமா, கனிவாக. "கீழ பாத்தேன். பல்லைக் குடைவீங்களே அந்த மெஷினுக்கு ஒரு பெடல் இருக்கு. அதை இடது காலாலதான் மிதிக்கிறீங்க. குடையாத நேரத்துலயும் கால் அது மேலயேதான் இருந்தது. நாள் முழுக்க அந்தப் பழக்கம். கார்ல ஏறினதும் கால் மட்டும் எங்க போகும்?"

டாக்டர் தன் காலைத் தானே குனிந்து பார்த்தார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் படித்த மனிதர், அடிபட்டதும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அப்ப ஒண்ணு கேக்கறேன் அண்ணே. நீங்க நாள் முழுக்க அடுத்தவங்க வண்டியில கிளட்ச் பெடல் மேல கால வெச்சு, பேரிங் உதறுதா, பிடி நழுவுதான்னு பாக்கறீங்க. அதான உங்க பழக்கம்? உங்க கார்ல ஏறினதும் உங்க கால் மட்டும் எங்க போகும்?"

மாமா சிரித்தார். தொப்பி இருந்திருந்தால் அதைக் கழற்றிக்கொண்டு சிரித்திருப்பார். "என் காலா? டாக்டர், முப்பது வருஷக் கால் இது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று கிளட்ச், மூன்று ஆர்டர், என் கையெழுத்து.

அன்று இரவுச் சாப்பாட்டில் மாமா இதை நகைச்சுவையாகச் சொன்னார். "டாக்டர் என்னையே மணி கட்டிப் பாக்கணும்கறார். நாளைக்குச் சாயங்காலம், நம்ம கார்ல. வரட்டும், வந்து கேக்கட்டும்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "நானும் வரேன். மணி அடிச்சா சாவி எனக்கு."

"எடுத்துக்கோ" என்றார் மாமா, இன்னொரு கரண்டி போடச் சொல்வது போல.

வியாழன் மாலை நாலு பேரும் ஏறினோம். மாமா ஸ்டியரிங்கில். டாக்டர் அவர் பக்கத்தில், மருத்துவமனையிலிருந்து நேராக வந்ததால் வெள்ளைச் சட்டையோடு. பின்சீட்டில் நானும் அக்காவும். மணியை மாமாவே கட்டினார், பஞ்சையும் அவரே அடைத்தார். அக்கா மடியில் பை, பைக்குள் அந்தக் கடிதம். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் கியர், டிங். இரண்டாவது, டிங். மூன்றாவது, டிங். எல்லாம் நியாயமான மணிகள். நான் நோட்டில் கியர் பக்கத்தில் மூன்று கோடு போட்டேன். பிறகு அமைதி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு வினாடி.

டிங்.

எனக்குத்தான் காதில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். டிங் டிங். டாக்டர் இருமினார். மாமா நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார், தன் வாழ்நாளில் மணி என்ற ஒன்றைக் கேட்டறியாதவர் போல.

"பஞ்சு சரியா உக்காரல" என்றார் கடைசியில்.

ஓரம் கட்டி, பஞ்சைத் திணித்தார். மறுபடி கிளம்பினோம். டிங். "ஷூ கனம்" என்றார். ஷூவைக் கழற்றிப் பின்னால் என் மடியில் எறிந்தார். டிங் டிங் டிங். "பெடல் ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு" என்றார். உள்ளே இருப்பது பந்தயக் காரின் பிரஷர் பிளேட், அதன் பெடல் தளர்வாக இருந்தால் மலையும் தளர்வுதான். நானே வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிவப்பு விளக்கு விழுந்து கார் நின்றது. டாக்டர் சட்டைப் பையிலிருந்து நீளக் கைப்பிடி போட்ட வாய்க் கண்ணாடியை எடுத்தார், கடைவாய்ப் பல் பார்ப்பாரே, அதே கண்ணாடி. "நியூட்ரல்ல போட்டுட்டு கால எடுத்துடுங்க அண்ணே" என்றார். மாமா நியூட்ரலில் போட்டார். "எடுத்தாச்சு" என்றார். டாக்டர் குனிந்து கண்ணாடியைப் பெடல் பக்கம் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"அண்ணே" என்றார் மெதுவாக, பல் பிடுங்கியே ஆக வேண்டும் என்று சொல்கிற குரலில். "கால் மேலயேதான் இருக்கு."

மாமா குனிந்து பார்த்தார். சாம்பல் நிற சாக்ஸ் போட்ட அவருடைய இடது கால், பூனை மாதிரிப் பெடல் மேல் சொகுசாகப் படுத்திருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. விளக்கு பச்சைக்கு மாறி, பின்னால் ஹாரன் அடித்தார்கள். விளையாட்டரங்கின் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

"நான் ஓய்வுக்காக வைக்கல" என்றார் யாரையும் பார்க்காமல். "பேரிங் என்ன சொல்லுது, பிளேட் என்ன சொல்லுதுன்னு கேக்கறதுக்கு வைக்கிறேன். கால்லதான் எனக்குக் கேக்கும். வெச்சிருக்கறதே எனக்குத் தெரியல."

வைக்கிறவங்களுக்கு வைக்கிறது தெரியாது. அதை யாரும் திருப்பிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

"பதினோரு வருஷம்" என்றார் மாமா.

"பன்னெண்டு" என்றாள் அக்கா. "பன்னெண்டு வருஷமா கிளட்ச் சொல்றதையே கேட்டீங்க. நான் சொன்னதை ஒரு தடவை கேட்டிருக்கலாம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. டாக்டர் வாய்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. என் அக்கா இத்தனை வருடம் அந்தச் சுவரின் நடுவில் தொங்கியிருக்கிறாள், நான் தினமும் அதன் எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

அக்கா இறங்கி முன்பக்கம் வந்து கதவைத் திறந்தாள். மாமா இறங்கி வழிவிட்டார். அவள் உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட்டை முன்னால் இழுக்கலாம் என்றால் அது அசையவில்லை. பன்னிரண்டு வருடம் மாமாவின் கால் நீளத்துக்கே நின்றதில் கீழே சீட் நகர்கிற தண்டவாளம் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா டிக்கியைத் திறந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்தார். சாக்ஸோடு தார் ரோட்டில் மண்டியிட்டு, தலையை சீட்டுக்குக் கீழே விட்டு, எண்ணெய் ஊற்றி, சாவியால் துருவைச் சுரண்டினார். பிறகு தோளைக் கொடுத்து அக்காவோடு சேர்த்து சீட்டை முன்னால் தள்ளினார். கரகரவென்று அது ஆறு அங்குலம் நகர்ந்தது. எழுந்தபோது முகமெல்லாம் துரு. கண்ணும் சிவந்திருந்தது, துருவால் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தடவை கார் துள்ளி நின்றுபோனது. அந்த முரட்டுப் பெடலை மிதித்ததில் அக்காவின் கால் நடுங்கியது. "அது என் தப்பு" என்றார் மாமா பின்சீட்டிலிருந்து, என் பக்கத்தில் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு. "பிரஷர் பிளேட். ஞாயித்துக்கிழமை மாத்திடறேன்." இரண்டாவது தடவை நகர்ந்தது. முதல் கியர், டிங். இரண்டாவது, டிங். மூன்றாவது, டிங். பிறகு விளையாட்டரங்கின் பின்பக்கம் முழுவதும், மேம்பாலம் ஏறும் வரை, இன்ஜின் சத்தத்தைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. நான் நோட்டைத் தயாராக வைத்திருந்தேன். மேம்பால மேட்டில் டிராபிக் நின்றது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பெடலிலிருந்து காலை எடுத்து, தரையில் தட்டையாக வைத்தாள். மாமா முன் சீட்டுகளின் நடுவில் கழுத்தை நீட்டி அந்தக் காலைப் பார்த்தார். ஏதோ விலை உயர்ந்த பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ஆறு கிலோமீட்டரில் குற்றம் பூஜ்யம். நோட்டை அக்காவிடம் கொடுத்தேன். அவள் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாள் ஐந்து மணிவரை காத்திருக்கவில்லை, காலை ஒன்பதுக்கே சம்மதத்தைச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாமா பட்டறைக்கு வந்ததும் முதல் வேலையாக பெயின்ட் டப்பாவைத் திறந்தார். 'என் மனைவி'யை அழித்துவிட்டு, 'நான்' என்று எழுதினார். பிளேட்டைக் கழற்றிவிடலாமே என்றேன். "இருக்கட்டும்" என்றார். பிறகு வந்தவர்கள் யாராவது அது யார் என்று கேட்டால், "நான்தான்" என்பார். அவர்களைத் திட்டும்போது குரலில் பழைய காரம் இல்லை. தெருமுனை வரை நான் ஓடுவது குறைந்து, எனக்கு வயிறு போட ஆரம்பித்தது.

டாக்டர் மணியில் தேறியதும் அவருக்குச் சாதாரணத்தைவிடக் கொஞ்சம் பெரிய கிளட்ச் போட்டோம். ஏற்றிவிட்ட இன்ஜினுக்கு அவ்வளவு நியாயம்தான். தேற மூன்று வாரம் ஆனது, அதுவரை மணி காரிலேயே இருந்தது. அதற்காகவே தன் நாற்காலியின் பெடலை வலது பக்கம் மாற்றிவிட்டதாகச் சொன்னார். முதல் வாரம் இரண்டு பேர் நாக்கைக் கடித்துக்கொண்டார்களாம்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை மாமா பந்தய பிளேட்டைக் கழற்றி, அந்தச் சின்ன காருக்கு உரிய சாதாரண கிளட்ச்சையே போட்டார். அன்றிலிருந்து தினமும் காலை ஏழுக்கே அக்கா அவரைப் பட்டறை வாசலில் இறக்கிவிட்டு நீர்த்தேக்கத்துக்குப் போகிறாள். மாமா பக்கத்து சீட்டில் வருவார். அங்கே பெடல் எதுவும் கிடையாது. ஆனாலும் அவர் பக்கத்துக் கால்மிதியில் இடது மூலை மட்டும் தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. இரண்டாவது கால்மிதிக்கு நான்தான் ஆர்டர் போட்டேன். இந்த முறை யார் கால் என்று கேட்டுவிட்டே போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, அக்கா கார் பட்டறையில் இருந்தது. கியர் பாக்ஸில் எண்ணெய் கசிகிறது என்றார் மாமா. ஒரு சொட்டு கசிவதை நான் பார்க்கவில்லை. கியர் பாக்ஸை இறக்கினார். கிளட்ச்சைப் பிரித்து பிளேட்டை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார். புது கிளட்ச் போட்டபின் ஓடியது எவ்வளவு என்று மீட்டரைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். இருபத்திரண்டாயிரத்து நாற்பது என்றேன். முதல் கிளட்ச் எரிந்த அதே இருபத்திரண்டாயிரம், அப்போதுதான் ஏன் இறக்கினார் என்று புரிந்தது.

பிளேட்டின் மேல் கம்பெனி அச்சடித்த எண்கூட அழியவில்லை. மாமா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சுவரைப் பார்த்தார், பிளேட்டைப் பார்த்தார்.

"மாட்டணுமா மாமா?" என்றேன்.

"எப்படிடா மாட்டுறது?" என்றார். "இன்னும் உயிரோட இருக்கே."

துணியால் துடைத்து, கை படாமல் ஓரத்தைப் பிடித்து, திரும்பப் பொருத்த ஆரம்பித்தார். நான் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். நாலு மணிக்கு அக்கா வந்து சாவி கேட்டாள்.